பதினேழாம் எண், பால்

…நூற்றுக்கு எண்பத்தேழு புள்ளி நான்கு ஒன்று, அந்தப் புள்ளிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற நான்கும் ஒன்றும்தான் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, வெறும் எண்பத்தேழு என்றால் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது போல இருக்கும், நான்கு ஒன்று கூட வந்ததும் ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது, எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது… கொலக்கம்பை பஸ் ஒரு வளைவில் என்னை ஜன்னலோடு நெருக்குகிறது, அடுத்த வளைவில் பக்கத்து சீட்டில் டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்திருக்கும் முட்டைக்கோஸ் மூட்டைமேல் சாய்க்கிறது, நானோ புதுப்பெண் மாதிரி எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வருகிறேன், கண்டக்டர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டார். சிரிக்காமல் என்ன செய்ய? இந்த மலையில் நான் வீடு வீடாக ஏறி இறங்கி, நேற்று என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை டம்ளர், எத்தனை கரண்டி என்று கேட்டு எழுதியதை எல்லாம் கோயமுத்தூரில் ஒரு கல்லூரிக்கு அனுப்பினார்கள், அங்கே அட்டைகளில் ஓட்டை போட்டு கம்ப்யூட்டர் என்கிற மெஷினுக்குள் விட்டார்கள், அது என் கையெழுத்தையும் தேங்காய் எண்ணெய்க் கறையையும் தள்ளிவிட்டுச் சத்தை மட்டும் பிரித்துத் துப்பியிருக்கிறது. சிலோனிலிருந்து திரும்பி வந்த சனங்களுக்காக அரசாங்கம் போட்ட தேயிலைத் தோட்டத்தின் புது லயங்களில், அதுதான் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், நூற்றுக்கு எண்பத்தேழு புள்ளி நான்கு ஒன்று பிள்ளைகளுக்குக் கால்சியம் வேண்டிய அளவு கிடைக்கிறதாம், மாவட்டத்திலேயே முதலிடம். வெலிங்டன் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் நாலாவது இடம். அந்த நாலாவது இடத்தில் என் சொந்த மகனும் இருக்கிறான், காலையில் ஒரு டம்ளர் பாலை வைத்துக்கொண்டு வீட்டையே இரண்டாக்குகிறவன், அவனுக்கு இது வேண்டும்தான்.

டாக்டர் தேவநேசன் சார் அந்தத் தாளை விரித்துப் பார்த்ததைப் பார்த்திருக்க வேண்டும், எங்கள் சத்துணவுக் கணக்கெடுப்புக்கே அவர்தான் தலைவர், திருநெல்வேலிக்காரர், குன்னூர்க் குளிரில் கையை உரசிக்கொண்டே பேசுவார், அன்றைக்கு உரசின உரசலில் தீப்பிடித்திருக்கும். எண்ணைப் பார்த்த அரை மணி நேரத்தில் அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்துவிட்டார், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தோட்டத்தில் ரேஷன் ஒழுங்கோடு வளர்ந்தவர்கள், வாய்க்கு ருசியாகத் தின்பதைவிடப் பிள்ளைக்குப் பால் என்பதை முன்னால் வைக்கிறார்கள், நம்மூர்க்காரர்கள் இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி, டைப் அடித்து, என்னிடம் வாசித்தும் காட்டினார். எனக்குக் கண் கலங்கியது, உண்மையாகவே. ஆனால் எண் என்று ஒன்று வந்தால் அதற்கு வால் ஒன்று இருக்குமே… வால் என்னவென்றால், வீட்டிலேயே இவ்வளவு பால் குடிக்கிற பிள்ளைகளுக்கு பால்வாடியில் காலையில் கொடுக்கிற பால் பவுடர் எதற்கு, அதை நிறுத்திப் பால் இல்லாத வேறு ஊருக்கு அனுப்பலாம், நியாயம்தானே, இன்றைக்கு மத்தியானம் சார் கையெழுத்துப் போட்டு ஊட்டிக்கு அனுப்புகிறார். அதற்கு முன்னால் பால்வாடி ஆயாவிடம் போய் அடுத்த மாதத்திலிருந்து பவுடர் வராது என்று பதமாகச் சொல்லிவிட்டு வரவேண்டியது என் வேலை. நல்ல சேதியைச் சார் டைப் அடித்துக்கொள்வார், கெட்ட சேதிக்கு அம்சவேணி பஸ் ஏறுவாள், ஆபீஸ் என்றால் அப்படித்தான்.

சரி, கெட்ட சேதி என்று ஏன் நினைக்கிறேன்? முதலிடம் வந்த பிள்ளைகளுக்கு ஒரு டம்ளர் குறைந்தால் என்ன, முதலிடத்திலிருந்து மூன்றாமிடத்துக்கு வரும், அவ்வளவுதானே… ஆனாலும் பஸ் லயத்தை நெருங்க நெருங்க இறங்காமலே திரும்பிவிடலாமா என்று இருக்கிறது, பசியாகவும் இருக்கலாம், காலையில் இரண்டே இட்லி, என் கணவர் கருணாகரன் இட்லித்தட்டைப் பார்த்து, எத்தனை கலோரிம்மா என்று கேட்டதிலிருந்து மூன்றாவது இட்லி இறங்கவில்லை, ஊரார் தட்டை அளக்கிறவள் தன் தட்டை அளக்கமாட்டாளா என்று அவருக்கு ஒரு குஷி. நான் கணக்கெடுக்க இந்த லயத்துக்கு வந்தபோது மழைக்காலம், ஒவ்வொரு காம்பராவிலும், ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அதுதான் காம்பரா, தேத்தண்ணி கொடுத்தார்கள், பாலில்லாத தேத்தண்ணி, கூட ஒரு கடி வெல்லம், நானும் மறுக்காமல் குடித்துக் குடித்துக் கடைசி வீட்டில்… அது இப்போது வேண்டாம். பாலில்லாத தேத்தண்ணி. அப்போதே கொஞ்சம் யோசித்தேன்தான். பிள்ளைக்கு வேண்டுமென்று பெரியவர்கள் பாலில்லாமல் குடிக்கிறார்கள் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன், சாருக்கு மட்டும்தான் காரணம் கண்டுபிடிக்கத் தெரியுமா. மாடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, ஒரு வீட்டு வாசலில் ஆடு கட்டியிருந்தது, அதுவும் கிடா. பால்காரர் யாராவது பக்கத்து ஊரிலிருந்து வருவாராக இருக்கும். எண்பத்தேழு புள்ளி நான்கு ஒன்றுக்கு எத்தனை பால்காரர் வரவேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன், அதற்குள் ஸ்டாப் வந்துவிட்டது.

பால்வாடியை ஆயா மருதாயி புள்ளக்காம்பரா என்றுதான் சொல்லுவாள், சிலோன் தோட்டத்தில் அப்படித்தான் பேராம், போர்டில் பால்வாடி என்று எழுதியிருக்கிறது, அவள் போர்டைப் பார்த்துப் பேசுகிற ஆள் இல்லை. நான் போனபோது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து அலுமினிய டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தன, டம்ளர் முகத்தை மூடியிருந்ததால் நெற்றிகளாகத்தான் தெரிந்தது, எல்லா நெற்றியிலும் ஒரே அளவில் மை. என் மகன் இப்படி ஒரு நாள் குடித்தால் நான் மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பேன். வீட்டில் வேண்டிய மட்டும் குடித்துவிட்டு வருகிற பிள்ளைகளா இவை, குடித்து முடித்ததும் டம்ளரைக் கவிழ்த்துத் தட்டி அண்ணாந்து வாயில் விட்டுக்கொள்கின்றனவே… நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. குளிர் ஜாஸ்தியாக இருக்கிறது என்றேன். பிள்ளைகள் வளர்ந்திருக்கின்றன என்றேன். மருதாயி என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதும் சேதியாம்மா என்று கேட்டாள், கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டே கேட்டாள். இல்லைங்க, சும்மாத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டேன், ஒரு டீயாவது குடித்த பிறகு சொல்லலாமே, வெறும் வயிற்றில் எதற்கு.

அந்த நேரம் பார்த்து வீரம்மா வந்தாளே, அவளைக் கொண்டுவந்து விட்டது எந்தச் சாமியோ. முதல் லயத்தில் இரண்டாவது காம்பரா, கணக்கெடுப்பில் என்னோடு சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னவள், அவள் வீட்டுப் பெண் குழந்தைதான் கால்சியத்தில் இந்த லயத்துக்கே ராணி. அவள் புருஷன் காத்தமுத்துக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதாம், வந்ததிலிருந்து தினக்கூலியாக இருந்து இன்றைக்குப் பேர் பதிந்திருக்கிறார்கள், அதனால் பால்சோறு பொங்கியிருக்கிறாள், நீங்கள் சாப்பிடாமல் போகக்கூடாது என்று கையைப் பிடித்தே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கென்ன கசக்குமா, பால்சோறு, அதுவும் மகளின் தாளில் நானே ஆறு இடத்தில் பால் என்று எழுதிய வீட்டுப் பால்சோறு, பதினேழாம் எண் பால், இரண்டாம் எண் பச்சரிசி. எங்கள் ஆபீஸ் பட்டியலில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு எண், மெஷினுக்குப் பேர் புரியாது எண்தான் புரியும், அதனால் எனக்கும் இப்போதெல்லாம் பாலைப் பார்த்தால் பதினேழு என்றுதான் மனதில் ஓடுகிறது, மளிகைக் கடையில் ஒரு நாள் வாய்தவறி, இருபத்திமூணு கால் கிலோ குடுங்க என்று கேட்டுவிட்டேன்.

தட்டில் பால்சோறு கட்டியாக, துண்டு போட்டு, ஓரத்தில் வெல்லம். நான் எதிர்பார்த்தது குழைந்த சோற்றில் ஆறின பாலை ஊற்றிப் பிசைந்தது, எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு நிலாக் காட்டி ஊட்டுவோமே அது. இதைக் கையால் எடுத்தால் கேக் மாதிரி வருகிறது. வாயில் போட்டேன், கண்ணை மூடிக்கொண்டேன், என்ன ருசி, நெய்யில்லாமலே நெய் மாதிரி ஒரு வழவழப்பு, உப்பு ஒரு கல், வாசனை… வாசனை எங்கேயோ தெரிந்த வாசனை, பாயசத்து வாசனை, பாலக்காட்டுச் சித்தி வீட்டு வாசனை… தேங்காய். இரண்டாவது வாயும் தேங்காய். மூன்றாவது வாயைப் போட்டுவிட்டு, மென்று முழுங்கி, நான்காவதையும் போட்டபிறகுதான் எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது என்பது தெரிந்தது.

"ஏனுங்க வீரம்மா, இதுல பால் எங்கீங்க?"

"இதெல்லாம் பால்தானேம்மா. ஒரு தேங்கா உடைச்சு, மொதப்பால், ரெண்டாம்பால், ரெண்டும் ஊத்திருக்கேன். இன்னைக்கு விசேசம்ல."

"மாட்டுப் பால்?"

அவள் நான் ஏதோ தமாஷ் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். "மாட்டுப் பாலுக்கு நாங்க எங்கம்மா போறது. அதப் பசும்பாலுன்னுல்ல சொல்லுவோம். நீங்க அன்னிக்குப் பால்னுதானே கேட்டீங்க."

ஆமாம், பால் என்றுதான் கேட்டேன். பிள்ளைக்குப் பால் உண்டுங்களா என்று கேட்டேன், பாலில்லாம என்ன சமையல் என்றாள், கறிக்குப் பால், கீரைக்குப் பால், கிழங்குக்குப் பால், நான் பரவசமாகப் பதினேழு பதினேழு பதினேழு என்று எழுதினேன். தேங்காய் உண்டுங்களா என்று தனியாகக் கேட்டபோது, சம்பலுக்குக் கொஞ்சம் திருவுவோம் என்றார்கள், சம்பல் என்றால் துவையல் மாதிரி, அதையும் எழுதினேன். அறுபது வீட்டில் அறுபது பேரும் சத்தியம் மாதிரி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள், நானும் ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன், மெஷினும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரைக்கும் சரியாகக் கூட்டியிருக்கிறது, முடிவில் இந்த லயத்தில் இல்லாத மாடுகள் எல்லாம் சேர்ந்து மாவட்டத்தில் முதலிடம் வந்துவிட்டன. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை, வாயில் சோற்றோடு சிரித்துப் புரையேறி, வீரம்மா தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்து, ஊர்ல யாரோ நெனைக்கிறாங்க என்றாள். ஆமாம், தேவநேசன் சார் நினைக்கிறார், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நினைக்கிறார், மத்தியானம் கையெழுத்து… சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்த டம்ளர்கள். கவிழ்த்துத் தட்டிக் கடைசிச் சொட்டை வாயில் விட்டுக்கொண்ட பிள்ளைகளுக்கு, பசும்பாலோ பவுடரோ, நாளெல்லாம் கிடைக்கிறது அந்த ஒரு டம்ளர்தான், அதை என் பதினேழுகள் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கின்றன.

பட்டென்று எழுந்திருக்கத்தான் வேண்டும், ஆனால் தட்டில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்தால் அவள் மனசு கஷ்டப்படும், அதனால் முழுவதும் சாப்பிட்டேன், இன்னொரு துண்டும் வைத்தாள், அதையும் சாப்பிட்டேன், உண்மையைச் சொன்னால் அவள் மனசுக்காக மட்டும் இல்லை. பிறகு எஸ்டேட் ஆபீஸுக்கு ஏறினேன், படி படியாக வெட்டிய தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதை, கொழுந்து எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குண்டாக ஒருத்தி ஓடினால் பார்க்காமல் என்ன செய்வார்கள். ஓடும்போது மனசு சும்மா இருக்கிறதா, சாரிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்கிறது, சார் ஒரு சின்னத் திருத்தம், சார் ஒரு சுவாரசியமான விஷயம், சார் நீங்கள் டைப் அடித்த அந்த ஒரு பக்கம் இருக்கிறதே… போன வாரம்தான் ஆபீசில் எல்லார் முன்னாலும், அம்சவேணி எடுத்தால் கணக்கில் பிசிறு இருக்காது என்று சொன்னார், அதைக் கேட்டு நான் வீட்டில் கேசரி கிண்டினேன். கேசரி ஜீரணமாகிவிட்டது. பேர் கெட்டால் கெடட்டும், இந்தக் குளிரில் பேரைக் காய்ச்சிக் குடிக்க முடியாது.

போன் கிடைத்தது. எக்ஸ்சேஞ்சில் குன்னூரைக் கேட்டு, கரகரவென்று ஏதோ அரைபட்டு, கடைசியில் சார் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. நான் ஒத்திகை பார்த்த எதையும் சொல்லவில்லை, அது தேங்காய்ப் பாலுங்க சார் என்று மட்டும் சொன்னேன், அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு முழுதும் சொன்னேன். அந்தப் பக்கம் காகிதத்தைக் கசக்குகிற சத்தம் வந்தது, அந்த ஒரு பக்கமாகத்தான் இருக்கும், பாவம், நல்ல நடையில் எழுதியிருந்தார். எல்லா வீட்டிலுமா என்றார், எல்லா வீட்டிலுமுங்க என்றேன். பிறகு பெருமூச்சுவிட்டு, நல்லவேளை கையெழுத்துப் போடல, பவுடர் அங்கயே இருக்கட்டும், தாளைத் திருத்தித் திரும்ப மெஷினுக்கு அனுப்புவோம் என்றார். எனக்குப் போனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப பாலுக்கு என்ன போடட்டும்? தேங்காப்பாலுக்கு நம்ம பட்டியல்ல நம்பரே இல்லையே."

"தெரியாதுங்க சார். மொதப்பால் ஒரு மாதிரி, ரெண்டாம்பால் ஒரு மாதிரி, மூணாம்பால் வெறும் தண்ணியாட்ட இருக்குது. யாருக்கு எது போச்சுன்னு நான் கேக்கலைங்க."

"தெரியாதுன்னு போட மெஷின்ல எடம் கெடையாதும்மா."

"அப்ப காலியா உட்றலாங்களா?"

"காலியா விட்டா அது சைபர்னு எடுத்துக்கிடும்."

சைபர் என்றே எடுத்துக்கொள்ளட்டுமே என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது, சார் முதலில் சிரித்தார், சைபர் என்றால் இந்த லயம் கடைசி இடத்துக்குப் போகும், கடைசி இடத்துக்குப் போனால் பவுடர் இன்னும் இரண்டு மூட்டை கூடத்தான் வரும். அதுவும் பொய்க் கணக்குத்தான், ஆனால் முந்தின பொய் பிள்ளைகளிடமிருந்து எடுத்தது, இது கொடுக்கிறது. ஆபீஸ் கிளார்க் நான் கன்னத்தில் போனை வைத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துவிட்டு, ஊட்ல விசேசங்களா என்று கேட்டார், ஆமாங்க, மாடெல்லாம் ஓடிப்போச்சு என்றேன், அவர் வருத்தப்பட்டார்.

மருதாயியிடம் திரும்பிப் போய், பவுடர் நிற்காது, கூட வரும் என்று சொன்னபோது, நிற்கப் போவதாக நான் சொல்லவே இல்லையே என்பது பாதியில்தான் ஞாபகம் வந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை, கவிழ்த்து வைத்த டம்ளர்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டே, பால்மா வந்தாச் சரி என்றாள், பால்மா என்றால் பால் பவுடர் என்று நான் இந்தத் தடவை கேட்டுத் தெரிந்துகொண்டேன், ஒரு நாளில் ஒரு அவமானம் போதும். இறங்குகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட்டே கிடைத்தது, மூட்டை எதுவும் இல்லை, பனி விலகி சரிவெல்லாம் பச்சையாக வெயில் காய்கிறது, வயிறு நிறைந்திருக்கிறது, நாக்கில் இன்னும் அந்த வழவழப்பு. கருணாகரனிடம் ராத்திரி இதைச் சொன்னால் ஒரு வாரம் சிரிப்பார், சிரிக்கட்டும், தேங்காய் வாங்கி வரச் சொல்லி பால்சோறு செய்து போட்டால் வாயடைத்துவிடுவார், என் மகன்கூட இந்தப் பாலைக் குடிப்பான்… காலியாக விட்டால் சைபர். இது தெரியாமலே எத்தனை இடத்தில் காலியாக விட்டிருக்கிறேனோ, தாளில் பிள்ளைக்கு ஒரு பத்தி, அப்பாவுக்கு ஒரு பத்தி, அம்மாவுக்கு ஒரு பத்தி, அம்மா பத்திக்கு வந்ததும் எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி, நமக்கென்ன, இருக்கறத திங்கறது என்றார்கள், இருக்கறது என்பதற்கு எண் கிடையாது, அதனால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன், லயத்தில் மட்டும் இல்லை, எல்லா ஊரிலும். அம்மாக்களின் தாளும் மெஷினிலிருந்து வந்தது, இவ்வளவு குறைவாகத் தின்றால் ஆள் நடமாட முடியாது, மெஷினில் ஏதோ கோளாறு என்று சார் அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டார், நானும் கோளாறு என்றுதான் நினைத்தேன். கோளாறு இல்லை, என் கோடுகள்தான், கேட்டு நிரப்பினால் தீர்ந்தது… இன்றைக்கு வீரம்மா என்ன சாப்பிட்டாள்? எனக்கு வைத்தாள், இன்னொரு துண்டு வைத்தாள், மகளுக்கு ஊட்டினாள், காத்தமுத்துக்கு ஒரு தட்டை மூடி வைத்தாள், ஒரு தேங்காய்தான் உடைத்திருக்கிறாள், பானை பெரிதில்லை. நான் இரண்டாவது துண்டைத் தின்னும்போது எதிரில் உட்கார்ந்து நான் தின்பதையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள், நான் கேட்கவில்லை, ஊரையெல்லாம் அதே கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் அவளைக் கேட்கவில்லை. அடுத்த வாரம் தாளைத் திருத்தப் போகும்போது முதல் வேலையாக அதைத்தான் கேட்கவேண்டும், பால் மாதிரி இதில் வார்த்தைக் குழப்பம் ஒன்றும் இல்லை, சாப்பிட்டீங்களா என்றால் எந்த ஊரிலும் சாப்பிட்டீங்களாதான்… ஆனால் கேட்டால், சாப்பிட்டாச்சும்மா என்பாள், அதே சிரிப்போடு, உடனே, அதை நான் எந்த எண்ணில் எழுதுவது?